வீட்டைக் கழுவுவதும் கிருமி நீக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் வாரம் ஒரு நாள் ஒரு சின்ன வண்டி வரும். "பினாயில், ஆசிட், சோப்பாயில்..." என்று அதன் ஒலிபெருக்கிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிடும். மூன்றில் ஒன்றையாவது வாங்காத வீடு குறைவு. எது எதற்கு, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லித் தரத்தான் ஆளில்லை. மாமியார் செய்வதைப் பார்த்து மருமகள் செய்கிறார், மருமகள் சொன்னபடி வேலைக்கு வரும் அக்கா செய்கிறார்.

படுத்த படுக்கையாக இருந்த அப்பாவை நாலு வருஷம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். அவருக்குப் புண் வரக் கூடாது, காய்ச்சல் வரக் கூடாது என்ற கவலையில் மருத்துவர்களிடமும் வீட்டுக்கு வந்த செவிலியரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை பல. அதன்பின் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் அதிகம் கேட்ட கேள்விகள்தான் இவை.

சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் ஒன்றுதானே?

இல்லை. சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவினால் அழுக்கும் பிசுக்கும் கழன்று போகும். அதில் ஒட்டியிருக்கும் கிருமிகளில் பெரும்பகுதியும் கூடவே போய்விடும். அது சுத்தம் செய்வது. மிச்சமிருக்கும் கிருமியை மருந்து போட்டுக் கொல்வது கிருமி நீக்கம். சுத்தம் செய்வது தினசரி வேலை. கிருமி நீக்குவது சில இடங்களுக்கும் சில நாட்களுக்கும் மட்டும்.

இதில் வரிசை மாறக் கூடாது. சோற்றுப் பருக்கை, எண்ணெய், மண், ரத்தம் எது இருந்தாலும் ப்ளீச்சில் உள்ள குளோரின் முதலில் அதோடு வினைபுரிந்து வீரியத்தை இழந்துவிடும். கிருமிக்கு என்று ஒன்றும் மிஞ்சாது. அழுக்குத் தரையில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் காசும் மூச்சும்தான் வீண்.

சோப்பைக் குறைவாக நினைக்க வேண்டாம். கொரோனா, ஃப்ளூ மாதிரியான வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. தோசைக்கல்லின் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் அதே சோப்பு அந்த உறையையும் பிரித்துப் போட்டுவிடும். உறை போனால் வைரஸும் போச்சு.

அப்படியானால் தினமும் மருந்து போட்டு வீடு துடைக்க வேண்டாமா?

வேண்டாம். எல்லாரும் நலமாக இருக்கும் வீட்டில், தரைக்குச் சாதாரண சோப்புத் தண்ணீர் போதும். தவழும் குழந்தை இருந்தாலும் அதுவே போதும். சொல்லப்போனால் அந்த வீட்டில் மருந்தைக் குறைப்பதுதான் நல்லது. குழந்தை தரையைத் தொட்ட கையை அப்படியே வாயில் வைக்கும்.

கிருமி நீக்கம் தேவைப்படும் இடங்களை எண்ணிவிடலாம்: கோழி, மீன், இறைச்சி பட்ட சமையல் மேடையும் சிங்க்கும், கழிப்பறை, யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அவர்கள் தொடும் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, ஃப்ளஷ் பொத்தான், சுவிட்ச், வெள்ளம் புகுந்த வீடு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், அதாவது புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மற்றபடி கூடத்துத் தரையைத் தினமும் பினாயிலால் துடைப்பதில் வாசனையைத் தவிர லாபம் அதிகமில்லை.

ப்ளீச்சிங் பவுடரை எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலப்பது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கண்ணளவாகப் போடுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல ப்ளீச்சிங் பவுடரில் பயன்படக்கூடிய குளோரின் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வீட்டுப் பரப்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 0.1 சதவீதக் குளோரின் கரைசல். அதற்கு 1 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் பவுடர் போதும். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ அந்த அளவு வரும். 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம். ரத்தம், மலம், வாந்தி பட்ட இடத்துக்கு மட்டும் இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 0.5 சதவீதம்: 1 லிட்டருக்கு 15 கிராம்.

புட்டியில் வரும் திரவ ப்ளீச் என்றால் லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 5 சதவீதம் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, 4 சதவீதம் என்றால் 25 மில்லி ஊற்றினால் அதே 0.1 கிடைத்துவிடும்.

கலக்கும்போது பிளாஸ்டிக் வாளி வேண்டும், இரும்பு, அலுமினியம் கூடாது. பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் ஆகாது. முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். கலக்கிவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். வண்டலோடு துடைத்தால் தரை முழுக்க வெள்ளைத் திட்டு விழும். இன்று கலக்கியதை நாளைக்கு வைக்காதீர்கள். வெயிலும் சூடும் பட்டால் வீரியம் வேகமாக இறங்கிவிடும். பவுடரே கட்டிதட்டி, திறந்தால் குளோரின் நெடி இல்லாமல் இருந்தால் அது பழசாகிவிட்டது. அதைப் போட்டுப் பயனில்லை.

இது நேற்று வந்த பொருள் அல்ல. 1799இல் ஸ்காட்லாந்தில் துணி வெளுப்பதற்காகக் காப்புரிமை பெற்றது. 1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கப் போகுமுன் மருத்துவர்கள் இந்தக் கரைசலில்தான் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் சாவது வெகுவாகக் குறைந்தது. அவ்வளவு வலுவான பொருளை இன்று நாம் அளவில்லாமல் அள்ளிக் கொட்டுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ஓர் எச்சரிக்கை. குடிநீரில் போடும் அளவு இதுவல்ல. கிணற்றுத் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கே சுமார் 2.5 கிராம்தான் கணக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

தெளித்த உடனே துடைத்துவிடலாமா?

கூடாது. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். ப்ளீச் கரைசல் என்றால் 10 நிமிஷம் அந்த இடம் ஈரமாகவே இருக்கும்படி விடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு, மின்விசிறி வேறு ஓடினால், ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் இன்னொரு முறை நனையுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரால் துடைத்து எடுத்துவிட வேண்டும், சமையல் மேடையாக இருந்தால் கட்டாயம்.

"99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்" என்ற விளம்பரமும் இப்படித்தான். லேபிளில் சொன்ன அடர்த்தியில், சொன்ன நேரம் வைத்திருந்தால் கிடைக்கும் கணக்கு அது. பத்து லட்சம் கிருமிக்கு ஆயிரம் அப்போதும் மிச்சம். முதலில் தேய்த்துக் கழுவி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் அந்த மிச்சமும் குறையும்.

கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றிவிட்டு, கூடவே ப்ளீச்சிங் பவுடரும் தூவினால் பளிச்சென்று ஆகுமாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

எங்கள் அம்மா ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள் இதைச் செய்தார். கழிப்பறையில் ஆசிட் ஊற்றி ஊறவைத்துவிட்டு, கறை போகவில்லை என்று மேலே ஒரு கைப்பிடி பவுடரைப் போட்டு, வாசனை வெளியே வரக் கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். சில நொடிகளில் இருமல், கண்ணெரிச்சல், மூச்சு அடைப்பு. தட்டுத்தடுமாறி வெளியே வந்து விழுந்தார். அன்று இரவு முழுக்க மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். பிழைத்தார். ஆனால் அந்த இருமல் அடங்க மாதக்கணக்கானது.

ஆசிட் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகர் அருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது என்பதால் கீழேயே தங்கும். குனிந்து உட்கார்ந்து கழிப்பறை தேய்ப்பவரின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

நீல, சிவப்புப் புட்டிகளில் வரும் கழிப்பறைக் கழுவி பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். வாசனையும் நிறமும் சேர்ந்திருப்பதால் ஆசிட் இல்லை என்று ஆகிவிடாது. வினிகர், எலுமிச்சைச் சாறும் அமிலம்தான். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு வரும். குழந்தையின் சிறுநீரில் ஊறிய துணியிலும் அம்மோனியா இருக்கும். அதை முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் ப்ளீச்சில் போட வேண்டும். சானிடைசரையும் பினாயிலையும்கூட ப்ளீச்சோடு கலக்காதீர்கள்.

ஒரு நாள் ஒரு மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கறைக்கு இன்று ஆசிட் என்றால், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ப்ளீச்சை நாளைக்கு எடுங்கள்.

தப்பித் தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று திரும்ப உள்ளே போகக் கூடாது. மூச்சுத் திணறல் இருந்தால் 108ஐ அழையுங்கள். சிலருக்கு சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்துத் திணறல் கூடும். அதனால் "இப்போ பரவாயில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

பினாயில் நல்லதா?

கறுப்புப் பினாயில் தார் எண்ணெயிலிருந்து வரும் பொருட்களால் ஆனது. வெள்ளைப் பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெயும் வேறு சில பொருட்களும் இருக்கும். தண்ணீரில் விட்டதும் பால் போல் ஆவது எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்பதால்தான், அதை வைத்து வீரியத்தை எடைபோட முடியாது. தெருவில் பழைய புட்டிகளில் வரும் பினாயிலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாசனை தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். வாசல், சாக்கடை ஓரம், வெளிக் கழிப்பறை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் பினாயில் வேண்டவே வேண்டாம். ஃபீனால் வகைப் பொருட்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டு அது பாதத்தை நக்கும்.

வாசனைத் தரைத் திரவத்தோடு கொஞ்சம் துணி சோப்புத் தூளும் சேர்த்தால் இரட்டைப் பலன்தானே?

பலன் போய்விடும். அந்தத் திரவங்கள் பலவற்றில் கிருமியைக் கொல்வது பென்சல்கோனியம் குளோரைடு என்ற பொருள். அது நேர்மின்னூட்டம் கொண்டது. துணி சோப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு செயலிழந்துவிடும். சோப்பால் துடைத்தீர்கள் என்றால், நல்ல தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட்டு அப்புறம் திரவத்தைப் போடுங்கள்.

லேபிளையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சாதாரணமாகத் துடைக்க ஓர் அளவு, கிருமி நீக்க வேறோர் அளவு என்று போட்டிருக்கும். வாளிக்கு ஒரு மூடி என்பது பெரும்பாலும் முதல் வகை.

ஒரே மாப்பால் வீடு முழுக்கத் துடைக்கலாமா?

கழிப்பறைக்கு என்று தனியாக ஒன்று இருக்க வேண்டும், வேறு நிறத்தில் இருந்தால் மாறிப்போகாது. மற்ற அறைகளுக்கு ஒரே மாப் போதும், ஆனால் தண்ணீரை மாற்ற வேண்டும். மூன்றாவது அறைக்குப் போகும்போது வாளித் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தால், நீங்கள் முதல் அறை அழுக்கை மூன்றாவது அறைக்குப் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்வது நல்ல வழி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலசுவதற்கு வெறும் தண்ணீர்.

துடைத்து முடித்ததும் மாப்பை அலசிப் பிழிந்து வெயிலில் தலைகீழாக நிறுத்துங்கள். ஈரத்தோடு வாளியிலேயே ஊறும் மாப்பில் ஒரே ராத்திரியில் கிருமி பெருகிவிடும். மறுநாள் காலையில் வரும் அந்தப் புளித்த வாடை அதுதான்.

சமையலறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கழிப்பறை இருக்கையைவிட சிங்க்கைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கழிப்பறையை நாம் அருவருப்போடு கழுவுகிறோம். சிங்க்கைப் பாத்திரம் தேய்க்கும்போதே சுத்தமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம்.

கோழி வாங்கி வந்தால் குழாயை முழுக்கத் திறந்து அதன் கீழே அலசாதீர்கள். சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரியான பாக்டீரியா தண்ணீர்த் துளிகளோடு தெறித்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு, நறுக்கி வைத்த வெங்காயம் எல்லாவற்றிலும் படும். மஞ்சள் போட்டு அலசுவது நம் வழக்கம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்றால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக முக்கி எடுங்கள். அப்புறம் சிங்க்கையும் குழாயையும் மேடையையும் சோப்பு போட்டுக் கழுவி, 0.1 சதவீதக் கரைசலை 10 நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அப்படியே விட்டால் ஸ்டீல் சிங்க்கில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். மீன், கறி வெட்டும் அரிவாள்மனையிலோ பலகையிலோ, கழுவாமல் காய் நறுக்கக் கூடாது. பலகையில் ஆழமான கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச்தான் வீட்டிலேயே கிருமி நெரிசல் அதிகமான பொருள். 2017இல் ஜெர்மனியில் பயன்படுத்திய ஸ்பாஞ்ச்களை ஆராய்ந்தவர்கள், சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேல் பாக்டீரியா இருப்பதைப் பார்த்தார்கள். எல்லாம் நோய் தருபவை அல்ல என்றாலும், அதே ஸ்பாஞ்சால் மேடையையும் துடைப்பது சரியில்லை. வாரம் ஒன்று மாற்றுங்கள். தேங்காய் நாரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும், தூக்கிப் போடவும் மனசு வரும். மேடை துடைக்கும் துணியைத் தினமும் சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பாத்திரங்களை வெயிலில் கவிழ்த்து வைத்த பழைய பழக்கம் மிக நல்ல பழக்கம். காய்ந்த இடத்தில் பெரும்பாலான பாக்டீரியாவால் பெருக முடியாது.

மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, சாணம், வினிகர்... இவை கிருமிநாசினி இல்லையா?

மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரைவதே அபூர்வம். வாசலில் தெளிக்கும் மஞ்சள் தண்ணீர் மங்கலமானது, அதற்காகத் தெளியுங்கள். கிருமி நீக்கும் என்று நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம். சாணம் மெழுகினால் மண் தரையில் புழுதி எழாது. ஆனால் சாணத்தில் குடல் பாக்டீரியா உண்டு, சில சமயம் டெட்டனஸ் கிருமியின் வித்துகளும் இருக்கும். அறுந்த தொப்புளோ ஆறாத புண்ணோ அதன் பக்கம் போகக் கூடாது.

வினிகர், எலுமிச்சை, புளி எல்லாம் உப்புத் தண்ணீர்க் கறையை எடுப்பதில் கெட்டி. குழாயில் வெள்ளையாகப் படிவது கால்சியம் உப்பு, அமிலத்தில் கரையும். கிருமியைக் கொல்லும் வேலைக்கு இவற்றை நம்ப முடியாது. வினிகரையும் ஆப்பச் சோடாவையும் சேர்த்தால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், பொங்கி அடங்கியதும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான்.

பாத்திரத்துக்குச் சாம்பல் போட்ட பாட்டிகள் சரியாகத்தான் செய்தார்கள். சாம்பலில் உள்ள காரம் எண்ணெயைச் சோப்பு போல மாற்றிக் கழுவித் தள்ளும்.

யாராவது வாந்தி எடுத்துவிட்டால்?

வீட்டில் கிருமிநாசினி மெய்யாகவே தேவைப்படும் நேரம் இது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ, ரோட்டா வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை கிடையாது. நோரோவுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, ப்ளீச்தான் கைகொடுக்கும்.

குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். கையுறை, மூக்கு வாய் மூடும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். விளக்குமாறால் தள்ள வேண்டாம், தண்ணீரை வேகமாக ஊற்றவும் வேண்டாம், இரண்டும் தெறிக்கும். பழைய செய்தித்தாளையோ துணியையோ மேலே போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவாகச் சுருட்டி எடுத்துக் கவரில் கட்டிவிடுங்கள். அந்த இடத்தைச் சோப்பால் துடைத்து, 0.5 சதவீதக் கரைசலை ஊற்றி 10 நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரால் துடையுங்கள். சுற்றிலும் ஒரு கை நீளத்துக்கு அதிகமாகவே துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத துளிகள் அவ்வளவு தூரம் போகும். கடைசியில் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

அம்மை போட்ட வீட்டையும், காசநோய் வந்தவர் புழங்கிய பொருட்களையும் எப்படிச் சுத்தம் செய்வது?

சின்னம்மை காற்றிலும், கொப்புளத்து நீர் படுவதாலும் பரவுகிறது. தரை, சுவர் வழியாகப் பரவுவது முக்கிய வழி அல்ல. அந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு என்பதால் சோப்பே போதும். துணி, போர்வையை வழக்கமான சோப்பில் துவைத்து வெயிலில் போடுங்கள். வாசலில் செருகும் வேப்பிலை கிருமியைக் கொல்லாது. ஆனால் "உள்ளே வராதே" என்று ஊருக்குச் சொல்கிறதே, அந்த வேலையை அது சரியாகவே செய்கிறது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை, முன்பு அம்மை போடாத கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது.

காசநோய் இருமும்போது காற்றில் பரவுவது. தட்டு, டம்ளர், பாய் வழியாகப் பரவாது. ஜன்னலைத் திறந்து காற்றோட்டமும் வெளிச்சமும் வரவிடுங்கள், மாத்திரையை விடாமல் சாப்பிடவையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். தட்டைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தி வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் மனசு உடைந்ததுதான் மிச்சம்.

வெள்ளம் புகுந்து வடிந்த வீட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அதே மாதம் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய காயல்பட்டினமும் சுற்றுவட்டாரமும் மூழ்கியபோதும் எத்தனையோ குடும்பங்களுக்கு வந்த கேள்வி. உள்ளே வந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்தது. எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உடம்புக்குள் போகும். அதனால் முதலில் ரப்பர் பூட்ஸ், கையுறை.

மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடக் கூடாது. சேறு காய்வதற்குள் வழித்துத் தள்ளுங்கள், காய்ந்தால் இறுகிவிடும். சோப்புத் தண்ணீர் போட்டுச் சுவரையும் தரையையும் தேயுங்கள், தண்ணீர் ஏறிய கோட்டுக்கு மேலும் கொஞ்சம் சேர்த்து. அதற்குப் பிறகுதான் 0.1 சதவீதக் கரைசல், 10 நிமிஷம். பிறகு எல்லாக் கதவும் திறந்து காயவிட வேண்டும். ஊறிப்போன பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கஷ்டம்தான், ஆனால் உள்ளே பூசணம் பிடித்துவிடும்.

தெருவோரம் வெள்ளையாகப் பவுடர் தூவிக்கொண்டு போவார்கள். காய்ந்த பொடி காய்ந்த மண்ணில் கிடந்தால் கிருமி சாகாது. தண்ணீரில் கரைந்து, அழுக்கில்லாத பரப்பில், நேரம் எடுத்துத்தான் அது வேலை செய்யும். ஆட்கள்மேல் தெளிப்பதும் அப்படியே பயனற்றது. 2020 ஏப்ரலில் திருப்பூர் சந்தை வாசலில் மருந்து தெளிக்கும் சுரங்கம் வைத்தார்கள், நாடெங்கும் அதைப் பார்த்துப் பலரும் வைத்தார்கள். மனிதர் மேல் தெளிக்க வேண்டாம் என்று அதே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது.

நிலத்தடித் தொட்டியை இறைத்துக் கழுவ வேண்டும், உண்மைதான். ஆனால் உள்ளே தனியாக இறங்காதீர்கள், இறங்கி மருந்தும் தெளிக்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுக்குக் காற்றே இல்லாமல் இருக்கலாம். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் சேர்ந்து போன வீடுகள் நம் ஊரில் உண்டு. நீளக் கம்புத் தூரிகையால் மேலே இருந்தே தேயுங்கள்.

சுவரில் பூசணம் பிடித்திருக்கிறதே?

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். குழாய்க் கசிவையோ மொட்டைமாடி விரிசலையோ சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். காய்ந்த பூசணத்தை அப்படியே துடைத்தால் வித்துகள் காற்றில் கிளம்பும். ஈரத் துணியால் நனைத்து, முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரால் தேயுங்கள். டைல்ஸ் மேல் ப்ளீச் நன்றாக வேலை செய்யும். சுண்ணாம்புச் சுவருக்கும் மரத்துக்கும் உள்ளே வேர் இறங்கியிருக்கும், மேலே நிறம் மட்டும் வெளுக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

செல்போன், ரிமோட், பூஜையறை?

செல்போனுக்கு 70 சதவீத ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம், நேராகத் தெளிக்கக் கூடாது. 95 சதவீதத்தைவிட 70 நல்லது. கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் கிருமியின் புரதம் சிதையும். அடுப்பு எரியும்போதும், பூஜையறையில் விளக்கு எரியும்போதும் சானிடைசர் பக்கத்தில் வரக் கூடாது. பித்தளை விளக்குக்குப் புளிதான் சரி, ப்ளீச் பட்டால் கறுத்துப்போகும். மார்பிள், மொசைக் தரையில் ஆசிட் பட்டால் அரித்து மங்கிவிடும், எலுமிச்சையும்கூட.

வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு என்ன வாங்கித் தர வேண்டும்?

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, அவர் கை அளவுக்கு. நீளக் கைப்பிடித் தூரிகை. ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் இரண்டில் ஒன்று மட்டும். என்னைக் கேட்டால் ஆசிட் வேண்டவே வேண்டாம் என்பேன். நான்கு வீடு கழுவுகிறவர் ஒரு நாளில் நான்கு வீட்டு நெடியையும் மூச்சில் இழுக்கிறார். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதை வாயால் சொல்லுங்கள். லேபிள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

குழந்தை பினாயிலையோ ஆசிட்டையோ குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்ட ஆசிட் திரும்பி வரும்போதும் உணவுக்குழாயைச் சுடும். பினாயில் நுரையீரலுக்குள் போய்விடலாம். உப்புத் தண்ணீர், முட்டை எதுவும் கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108ஐ அழைத்து, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

தெரு வண்டியில் வாங்கும் பினாயிலும் ஆசிட்டும் குளிர்பானப் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ வந்தால் வாங்காதீர்கள். வீட்டில் இப்போது அப்படி ஒன்று இருந்தால், படித்து முடித்த கையோடு எழுந்து போய், குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.